வெளுத்துப்போன பூநாரை: ஒரு நீர்வண்ணப் படத்தின் நிகழ்வு ஆய்வு

2024 பொங்கல் முடிந்த வாரத்தில் டீச்சரிடமிருந்து போன் வந்தது. "தம்பி, நீங்க போட்டுத் தந்த கூந்தன்குளம் படம் வெளுத்துல்லா போச்சு. ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போங்களேன்." குரலில் கோபம் துளியும் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

பாளையங்கோட்டையில் பல வருஷம் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர் அவர். 2022 ஜனவரியில் நாங்கள் சிலர் சேர்ந்து நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்குப் பறவை பார்க்கப் போயிருந்தோம். குளத்தின் நடுவே பூநாரைகள் கூட்டமாக நின்று தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. அதை வரைந்து தரச் சொன்னார் டீச்சர். சொன்ன விலையைக் கொடுத்தார், ஒரு ரூபாய் குறைத்துக் கேட்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு கொடுத்த பொருள் இரண்டே வருஷத்தில் கெட்டிருக்கிறது என்றால் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்வது என் கடமை. கண்டுபிடித்ததை முழுதாக இங்கே எழுதுகிறேன். முதல் முறையாக ஆர்ட்டிஸ்ட் தர வாட்டர்கலர் வாங்கப்போகிற ஒருவருக்காவது இது உதவும்.

மறுநாளே போனேன். பூநாரைகளின் இறகில் இருந்த ரோஸ் முக்கால்வாசி போயிருந்தது. கரையில் நின்ற பெண்ணின் சேலைக்கரை, நான் அழுத்தமாக வைத்த சிவப்பு, பல தடவை துவைத்த துணி போல மங்கிக் கிடந்தது. தூரத்து வயலின் பச்சை நீலம் பாரித்திருந்தது. ஆனால் குளத்து நீரின் நீலமும், தண்ணீருக்குள் நின்ற கருவேல மரங்களின் பழுப்பும், கரைமண்ணும் நான் தூரிகையைக் கீழே வைத்த அன்றைக்கு எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. ஒரே தாள், ஒரே சுவர், ஒரே ஆள் வரைந்தது. சில நிறம் ஓடிவிட்டது, சில நிறம் அசையவே இல்லை.

சட்டத்துக்குள் இருந்த சாட்சி

டீச்சருக்கு ஓதத்தின் மேல் சந்தேகம். "டிசம்பர் மழையில சொவரெல்லாம் ஓதம் ஏறிக் கெடந்துச்சுல்லா, அதுல ஆயிருக்கும்" என்றார். நியாயமான சந்தேகம்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையையும் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தையும் இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். என் வீட்டிலேயே அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த தாள்கட்டு ஈரம் ஏறி வீணானது. நல்ல வாட்டர்கலர் தாளில் ஜெலட்டின் பசை ஊட்டியிருப்பார்கள். அந்தப் பசை கெட்டுவிட்டால் தாள் மையொற்றுத்தாள் மாதிரி வண்ணத்தைக் குடித்துவிடும், வாஷ், அதாவது தண்ணீர் கலந்து மெல்லியதாக இழுக்கும் பூச்சு, திட்டுத்திட்டாக நிற்கும். அதனால் ஓதத்தை லேசில் தள்ளிவிட முடியவில்லை.

படத்தை வண்ணாரப்பேட்டையில் ஃப்ரேம் போடுகிறவரிடம் கொண்டுபோனேன். அவர் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாளு மட்டமா இருக்கும் அண்ணாச்சி" என்றார். அது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள், மட்டமானதில்லை. இருந்தாலும் அதையும் கணக்கில் வைத்துக்கொண்டேன். ஆக ஓதம், தாள், வண்ணம் என்று மூன்று காரணம் முன்னால் நின்றன.

பின்பலகை ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மவுண்ட் அட்டையைத் தூக்கினார். அட்டை படத்தின் நாலு ஓரத்திலும் கால் அங்குலம் ஏறி மறைத்திருந்தது. வலது ஓரத்தில் ஒரு பூநாரையின் இறகு பாதி அந்த அட்டைக்கு அடியில் போயிருந்தது. அந்தக் கால் அங்குலத்தில் ரோஸ் கொஞ்சமும் குறையாமல் ஜொலித்தது. ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி ஒரு எல்லை. அட்டைக்கு அடியில் இருந்த பக்கம் காலையில் பூத்த அரளி. வெளியே இருந்த பக்கம் பறித்து மூன்று நாளான அரளி. இரண்டும் ஒரே இறகு, ஒரே தீற்றலில் வைத்த வண்ணம். ஃப்ரேம்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி குனிந்து பார்த்தார். "வெயிலு குடிச்சிருக்கு அண்ணாச்சி" என்றார்.

ஓதம் ஏறியிருந்தால் அட்டைக்கு அடியிலும் ஏறியிருக்கும். தாள் மட்டம் என்றால் அங்கேயும் அதே தாள்தான். அங்கே போகாமல் வெளியே மட்டும் விழுந்தது வெளிச்சம் ஒன்றுதான். டீச்சர் வீட்டு ஹால் ஜன்னல் மேற்கே பார்த்தது. மூன்று மணிக்கு மேல் வெயில் சாய்ந்து எதிர்ச்சுவரில் விழும். படத்தை அந்தச் சுவரில் மாட்டச் சொன்னது நான்தான், வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று.

ட்யூப்பின் மேல் இருந்த சிறு எழுத்து

அப்படியென்றால் நீலமும் பழுப்பும் எப்படித் தப்பின? அதே வெயிலில்தானே அவையும் இருந்தன?

படத்துக்குப் பயன்படுத்திய ட்யூப்களை எடுத்து வரிசையாக வைத்து, லென்ஸ் பிடித்துப் படித்தேன். இத்தனை வருஷம் முன்பக்கத்துப் பெயரைப் பார்த்து வாங்கியிருக்கிறேன். பின்பக்கத்துச் சிறு எழுத்தை உட்கார்ந்து படித்தது அன்றைக்குத்தான்.

ஒவ்வொரு நல்ல ட்யூப்பிலும் உள்ளே இருக்கும் நிறமியின் குறியீடு இருக்கும். முதலில் வரும் பி (P) என்றால் பிக்மென்ட். அடுத்து ஆர் வந்தால் சிவப்பு, பி (B) நீலம், ஒய் மஞ்சள், ஜி பச்சை, வி ஊதா, ஓ ஆரஞ்சு, பிஆர் பழுப்பு. பின்னால் வருவது எண். அல்ட்ராமரின் நீலம் எந்த நாட்டு ட்யூப்பில் இருந்தாலும் பி.பி.29. நிறுவனம் தன் வசதிக்கு 'பிரெஞ்சு அல்ட்ராமரின்' என்றோ வேறு மாதிரியோ பெயர் வைக்கும், எண் மாறாது. மாறாக 'இண்டிகோ' என்று மூன்று நிறுவனத்து ட்யூப் வாங்கினால் உள்ளே மூன்று வெவ்வேறு கலவை இருக்கலாம். அவுரியிலிருந்து எடுத்த நீலம் இன்றைய ட்யூப்களில் அநேகமாகக் கிடையாது. பெயரோடு 'ஹ்யூ' என்று ஒட்டியிருந்தால் அந்தப் பெயருக்குரிய நிறமிக்குப் பதில் வேறொன்றை வைத்து அதே சாயலைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். காட்மியம் ரெட் ஹ்யூவில் காட்மியம் இருக்காது. அது ஏமாற்று இல்லை, விலையைக் குறைக்கவும் நச்சைத் தவிர்க்கவும் செய்வது. ஆனால் வாங்குகிறவர் தெரிந்து வாங்க வேண்டும்.

சரி, என் படத்துக்கு வருவோம். பூநாரைக்கு நான் வைத்தது ஓப்ரா ரோஸ். அதன் கண்ணைப் பறிக்கும் ரோஸ் இரண்டு பொருளால் வருகிறது. ஒன்று குவினாக்ரிடோன் மஜெந்தா, பி.ஆர்.122. அது நன்றாகவே தாங்கும். இன்னொன்று அதோடு கலந்த ஒளிரும் சாயம். வாங்கிய ஒளியை ரோஸ் ஒளியாகத் திரும்ப உமிழ்கிற அந்தச் சாயம்தான் வெயிலில் முதலில் சிதைகிறது. சாயம் போனபின் மிஞ்சுவது மெல்லிய மஜெந்தா மட்டும். டீச்சர் வீட்டில் மூன்று நாள் அரளியாக மிஞ்சியது அதுதான்.

சேலைக்கரை அலிசரின் கிரிம்சன், பி.ஆர்.83. மஞ்சிட்டி இனத்து வேரில் இருக்கிற அலிசரினை 1868-இல் ஜெர்மனியில் கிரேபேயும் லீபர்மானும் ஆய்வகத்திலேயே செய்தார்கள். நம் கடற்கரையில் துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேரிலும் இருப்பது அலிசரின்தான். படிகாரத்தோடு சேர்ந்து நூலில் ஊறிய அலிசரின் தலைமுறை தாண்டி நிற்கும். தாளின் மேல் மெல்லிய வாஷாகப் பூசிய அலிசரின் நிற்காது.

வயலுக்கு வைத்த சாப் கிரீன் விலை குறைந்த ஒரு ட்யூப். பச்சை என்று தனியாக ஒரு நிறமி அதில் இல்லை, ஒரு நீலப்பச்சையும் பி.ஒய்.1 மஞ்சளும் சேர்ந்தது. மஞ்சள் தளர்ந்ததும் நீலப்பச்சை தனியாக நின்றுவிட்டது. நீலம் பாரித்த வயலுக்குக் காரணம் அதுதான்.

தப்பியவை என்று பார்த்தால் அல்ட்ராமரின், பர்ன்ட் சியன்னா, ரா அம்பர். மூன்றும் கனிம வகை. பின்னிரண்டும் இரும்புத் துரு ஏறிய மண், ரா அம்பரில் மாங்கனீசும் சேர்ந்திருக்கும். அல்ட்ராமரின் ஒருகாலத்தில் ஆப்கானிஸ்தானத்து லாபிஸ் லசூலி என்ற நீலக்கல்லை அரைத்து எடுத்தது, பொன் விலை விற்றது. 1828-இல் பிரான்சில் கிமே அதைச் செயற்கையாகச் செய்து காட்டிய பிறகு மலிந்தது. எவ்வளவு மலிந்தது என்றால் பழைய நாளில் நம் வீடுகளில் வேட்டி வெளுக்கப் போட்ட நீலப்பொடியும் அதே பொருள்தான். வெயிலுக்கு அசையாது, ஆனால் புளிப்புக்கு அஞ்சும். உலர்ந்த நீலத்தின் மேல் எலுமிச்சைச் சாற்றை ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆயில் படத்தில் வண்ணத்துக்கு எண்ணெய்ப் படலமும் மேலே வார்னிஷும் காவல். நீர்வண்ணத்தில் அந்தக் காவல் இல்லை. வேல மர இனத்துப் பிசின் கொஞ்சம், ஈரம் காக்கக் கிளிசரினோ தேனோ கொஞ்சம், அவ்வளவுதான். தண்ணீரில் விரித்த நிறமித் துகள் தாளின் மேல் கிட்டத்தட்ட வெறும் உடம்போடு கிடக்கிறது. மெல்லிய வாஷ்தான் வாட்டர்கலரின் அழகு. முதலில் வெளுப்பதும் அந்த மெல்லிய வாஷ்தான்.

ஓப்ரா ட்யூப்பில் தாங்குதிறன் குறைவு என்ற குறி இருக்கவே இருந்தது. செய்தவர்கள் மறைக்கவில்லை. படிக்காதது நான்.

நூற்றுக்கு மேற்பட்ட நிறம்

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் படத்தைத் திரும்ப வரைய வேண்டுமே, எந்த நிறத்தை நம்பி? இதற்காகத்தான் முழு வரிசையையும் அலசிப் பார்க்க உட்கார்ந்தேன்.

ஆர்ட்டிஸ்ட் தரத்தில் ஒரு நிறுவனத்தின் முழு வரிசை என்பது சின்ன விஷயமில்லை. 1832-இல் லண்டனில் தொடங்கிய வின்சர் அண்ட் நியூட்டனின் புரொஃபஷனல் வரிசை நூற்றுக்கு மேல். ஜெர்மனியின் ஷ்மிங்கே ஹோராடாம் 2017-இல் 140 ஆக விரிந்தது. அமெரிக்காவின் டேனியல் ஸ்மித் இருநூறுக்கு மேற்பட்ட நிறத்தைப் பொட்டுப் பொட்டாக வைத்து அட்டையாகவே விற்கிறது. ஒவ்வொரு பொட்டும் மிளகளவு இருக்கும், ஈரத் தூரிகையால் தொட்டால் ஒரு சின்னக் கட்டம் நிறையும். முழு ட்யூப் வாங்கி ஏமாறுவதற்கு முன் இப்படிப் பொட்டட்டை வாங்கிப் பார்ப்பது நம் போன்றவர்களுக்கு நல்ல வழி. காட்மியம், கோபால்ட் ட்யூப்கள் பல நூறு ரூபாய். ட்யூப்பில் போட்டிருக்கும் விலைவரிசை (சீரிஸ்) எண் ஏற ஏற விலை ஏறும். அது தரத்தின் ஏற்றம் இல்லை, நிறமியின் அடக்க விலை. மலிவான முதல் வரிசையில் இருக்கும் மண் நிறங்கள்தான் வெயிலுக்கு மிக உறுதியானவை என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இரண்டு வாரம் சாயங்காலம் முழுக்க மாடியில் உட்கார்ந்து கட்டம் கட்டமாகப் பூசினேன். ஒவ்வொரு நிறத்துக்கும் செய்தது இதுதான்: முதலில் நீர்ப்புகா மையால் தாளின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. அதன் மேல் ஒரு முனையில் கெட்டியாகத் தொடங்கி, தண்ணீர் விட்டு விட்டு மறுமுனையில் வெறும் நீராகும் வரை இழுப்பது. காய்ந்தபின் கோட்டின் மேல் வண்ணம் பால் மாதிரிப் படிந்திருந்தால் அது ஒளிபுகா வண்ணம், கோடு தெளிவாகத் தெரிந்தால் ஒளி ஊடுருவும் வண்ணம். அப்புறம் ஓர் ஓரத்தை ஈரத் தூரிகையால் தேய்த்துத் துணியால் ஒற்றுவது. வெள்ளைத் தாள் திரும்ப வந்தால் வண்ணம் மேலோடு கிடந்தது, வராவிட்டால் நாருக்குள் சாயமாய் ஏறிவிட்டது.

இந்த வேலையில்தான் நிறங்களின் குணம் பிடிபடுகிறது. செருலியன் நீலம், பி.பி.35, கோபால்ட்டும் வெள்ளீயமும் சேர்ந்தது, கனமான துகள். காய்கிறபோது தாளின் பள்ளங்களில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சாய்த்துப் பிடித்தால் மணல் தூவிய மாதிரி. பாபநாசத்திலிருந்து பொதிகையைப் பார்த்தால் மதிய வெக்கையில் மலை அப்படித்தான் தெரியும், கெட்டியாக இல்லாமல், பொடி தூவிய நீலமாக. இதற்கு நேர் எதிர் தாலோ நீலம், பி.பி.15. ஊசிமுனையளவு எடுத்தால் தட்டு முழுக்க நீலம், தேய்த்தாலும் போகாது. 1928-இல் ஸ்காட்லாந்தில் ஒரு சாயத் தொழிற்சாலையில் தற்செயலாகக் கண்ணில் பட்ட பொருள் இது. அதன் மூலக்கூறின் நட்டநடுவில் ஒரு செம்பு அணு உட்கார்ந்திருக்கிறது. தாமிர சபை இருக்கிற ஊர்க்காரனுக்கு அதைப் படித்ததும் ஒரு சந்தோஷம். ஐந்து சபைகளில் தாமிர சபை நெல்லையப்பர் கோயிலிலும் சித்திர சபை குற்றாலத்திலும் இருக்கின்றன. செம்பும் சித்திரமும் நம் சீமைக்கு ஒன்றும் புதிதில்லை.

குவினாக்ரிடோன் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1958-இல் டூபான்ட் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பெரும்பங்கு வாடிக்கை கார் பெயின்ட். ஓவியருக்குக் கிடைப்பது கார் கம்பெனி வாங்கியது போக மிச்சம். குவினாக்ரிடோன் கோல்ட், பி.ஓ.49, பழுத்த வாழையிலைச் சருகின் நிறம், ஓவியர்கள் அப்படி விரும்பிய நிறம். கார்க்காரர்கள் அதைக் கேட்காமல் போனதும் உற்பத்தி நின்றது. இன்றைக்கு அந்தப் பெயரில் வருவது வேறு நிறமிகளின் கலவை. ஒரு நிறம் எங்கோ ஒரு தொழிற்சாலை முடிவால் நம் தட்டிலிருந்து இல்லாமல் போகும் என்பது எனக்கு இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஜன்னல் சோதனை

தாங்குதிறனுக்கு ட்யூப்பில் அளவீடு உண்டு. அமெரிக்க முறையில் 1 முதல் 5 வரை, 1 மிக உறுதி. வின்சர் அண்ட் நியூட்டன் ஏஏ, ஏ, பி, சி என்று போடுகிறது. முதல் இரண்டை நம்பலாம், சி வேண்டவே வேண்டாம். இருந்தாலும் நம் வெயிலில் வைத்துக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

மாசியில் தொடங்கினேன். ஒவ்வொரு நிறப் பட்டையையும் நீளவாக்கில் இரண்டாக வெட்டி, பாதியை நோட்டுக்குள் வைத்து பீரோவில் பூட்டினேன். மறுபாதியை ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டினேன். எந்த ஜன்னல் என்பதில் ஒரு சிக்கல். வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் தெற்கு ஜன்னலில் வை என்கின்றன. அது அவர்கள் ஊருக்குச் சரி. திருநெல்வேலி பூமத்திய ரேகையிலிருந்து ஏறக்குறைய 8.7 பாகை வடக்கே இருக்கிறது. சித்திரைப் பிறப்பையொட்டிச் சூரியன் நம் உச்சந்தலைக்கு வந்து, அதற்கப்புறம் ஆவணி நடுவரை நடுப்பகலில் நமக்கு வடக்கேதான் நிற்கும். அந்த நாலரை மாசம் தெற்கு ஜன்னலில் நேர்வெயில் விழாது. அதனால் டீச்சர் வீட்டைப் போலவே மேற்கு ஜன்னலைத் தேர்ந்தெடுத்தேன். என் கேள்வியும் அந்த வெயிலைப் பற்றியதுதானே.

பங்குனி முடிவதற்குள் ஓப்ரா தளர்ந்துவிட்டது. பீரோ பாதியை எடுத்து அருகில் வைத்தபோது இரண்டும் வேறு வேறு ட்யூப் என்றே யாரும் சொல்வார்கள். வைகாசியில் அலிசரினின் மெல்லிய முனை தாளோடு கரைந்தது, கெட்டி முனை மட்டும் நின்றது. ஆனியில் சாரல் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்தபோது வானம் மூடியே கிடந்தது, அந்த மாசம் பெரிதாக எதுவும் நகரவில்லை. ஆடி, ஆவணியில் ஆரியோலின் மஞ்சள், பி.ஒய்.40, பழுப்பேறத் தொடங்கியது. விலை கூடிய ட்யூப் அது. கோபால்ட் இருக்கிறதே, உறுதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். உலோகம் இருந்தாலே உறுதி என்று இல்லை. சாப் கிரீன் டீச்சர் படத்தில் செய்ததையே இங்கேயும் செய்தது.

அசையாதவை என்று ஐப்பசியில் நான் குறித்து வைத்தவை: அல்ட்ராமரின் (பி.பி.29), கோபால்ட் நீலம் (பி.பி.28), செருலியன் (பி.பி.35), தாலோ நீலமும் பச்சையும், மஞ்சளில் பி.ஒய்.154, பி.ஒய்.150, சிவப்பில் பைரால் வகை பி.ஆர்.255, ரோஸில் பி.வி.19, மண் நிறங்கள் எல்லாம். எட்டு மாசம்தான், டீச்சர் சுவர் பார்த்தது இரண்டு வருஷம். அதனால் பட்டைகளைக் கழற்றவில்லை, ஜன்னலில் அப்படியே விட்டிருக்கிறேன்.

இந்தச் சோதனை நடக்கும்போது பத்தமடைக்கு ஒரு வேலையாகப் போனேன். அங்கே பாய் முடைகிற அம்மா ஒருவர் பழைய பாய் ஒன்றைக் காட்டினார். கோரைக்குச் சப்பங்கட்டையை வேகவைத்துச் சிவப்பேற்றிய காலத்துப் பாய். மடிப்புக்குள் சிவப்பு, மேல்பக்கம் பழுப்பு. "வெயில்ல போட்டா இப்படித்தான், நெழல்ல வச்சா ஒண்ணும் செய்யாது" என்றார். நான் எட்டு மாசம் ஜன்னலில் ஒட்டிப் படித்ததை அவர் பாயை மடித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

தேரி மண்

ஜன்னல் பட்டைகளில் ஒன்று மட்டும் எந்த ட்யூப்பிலிருந்தும் வந்ததில்லை. இட்டமொழிப் பக்கத்துத் தேரியின், அதாவது செம்மணல் மேட்டின், மண்ணில் செய்தது.

பர்ன்ட் சியன்னா என்ற பெயர் இத்தாலியின் சியன்னா ஊரிலிருந்து வந்தது. அந்த ஊர் மண்ணைச் சுட்டெடுத்த நிறம். நம் தேரியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தச் சிவப்பை ட்யூப்பில்தான் வாங்க வேண்டுமா என்று ஆசை. சாலையோரம் இருந்து இரண்டு கை மண் அள்ளி வந்தேன். நேரே அரைத்தால் ஆகாது. தேரி என்பது படிகக்கல் மணல், அதன் மேல் இரும்பு ஆக்சைடு பூச்சாக ஒட்டியிருக்கிறது. மண்ணைப் பாட்டிலில் போட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிஷம் குலுக்கி, மணல் அடியில் உட்கார்ந்ததும் மேலே நிற்கும் சிவந்த தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்தில் சாய்க்க வேண்டும். இப்படி ஏழெட்டுத் தடவை. சாய்த்த தண்ணீரை அசைக்காமல் இரண்டு நாள் வைத்தேன். தெளிந்த நீரை வடித்தபோது அடியில் பாலாடை மாதிரி ஒரு சிவப்பு வண்டல், விரலில் தொட்டால் நெருடவே இல்லை. இரண்டு கை மண்ணுக்கு ஒரு ஸ்பூன்கூடத் தேறவில்லை.

காயவைத்து, கண்ணாடிப் பலகையில் பிசின் கரைசலும் ஒரு சொட்டுத் தேனும் விட்டு, அடி தட்டையான கண்ணாடிக் குழவியால் எட்டு மாதிரி இழுத்து இழுத்து அரைத்தேன். முதலில் கரகரவென்று சத்தம் வரும். சத்தம் அடங்கி வழுவழுவென்று ஓடும்போது வண்ணம் தயார். தாளில் இழுத்ததும் ட்யூப் பர்ன்ட் சியன்னாவைவிடக் கொஞ்சம் கூடுதல் சிவப்பு, கொஞ்சம் கூடுதல் பொடி. மழை பெய்து விட்ட மறுநாள் தேரி எப்படி இருக்குமோ அது. அல்ட்ராமரினோடு கலந்தால் குறுக்குத்துறையில் ஆற்றுக்குள் நிற்கும் ஈரப் பாறையின் சாம்பல் நிறம் வருகிறது. சிவப்பு கூடினால் வெதுவெதுப்பாக, நீலம் கூடினால் குளிர்ந்து, ஒரே தட்டில் பத்துச் சாம்பல். கறுப்பு ட்யூப்பை நான் தொட்டே மாசக்கணக்காகிறது.

ஜன்னலில் எட்டு மாசம் இருந்தபின் தேரிப் பட்டையை அதன் பீரோ பாதியோடு சேர்த்து வைத்தேன். வெட்டிய கோடு எங்கே என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

மறுபடி வரைந்தது

2025 ஜனவரியில் திரும்பக் கூந்தன்குளம் போனேன். இந்த முறை பைனாகுலரில் நெடுநேரம் பார்த்தேன். பெரிய பூநாரை நிற்கும்போது பெரும்பாலும் வெள்ளை, அதில் ரோஸ் ஒரு சாயல்தான். சிறகை விரிக்கும்போதுதான் செம்ரோஸும் கறுப்பும் பளீரென்று தெரியும். 2022-இல் நான் பறவையை வரையவில்லை, ட்யூப்பை வரைந்திருக்கிறேன்.

உடம்பைத் தாளின் வெள்ளையாகவே விட்டேன். நிழலுக்கு அல்ட்ராமரினும் தேரிச் சிவப்பும் நீர்க்கக் கலந்தது. சிறகுக்கு பி.வி.19 ரோஸ், அதில் பி.ஆர்.255 ஒரு தொடு. பிசான நெல்வயலுக்குத் தாலோ பச்சையோடு பி.ஒய்.150, ஓரத்தில் தேரிச் சிவப்பு விட்டு அதன் காரத்தைக் குறைத்தேன். சேலைக்கரைக்கு பி.வி.19 கெட்டியாக. மொத்தம் ஆறு நிறம். படத்தின் பின்பக்கம் ஐந்து குறியீட்டையும் தேதியையும் பென்சிலில் எழுதினேன், தேரி மண்ணுக்குக் குறியீடு இல்லாததால் ஊர்ப் பெயரை. ஃப்ரேமுக்குப் புறஊதாக் கதிர் தடுக்கும் கண்ணாடி கேட்டேன், வரவழைக்க மூன்று வாரமானது. மாட்டியது ஜன்னல் இருக்கிற அதே சுவரில், வெயில் எட்டாத பக்கம்.

டீச்சர் நெடுநேரம் பார்த்தார். "நல்லாருக்கு தம்பி. பறவ இப்பதான் பறவ மாதிரி இருக்கு" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா அந்தப் பழைய ரோஸ் இதுல இல்லையே?" என்றார்.

இல்லைதான். ஒளிரும் சாயத்தின் அந்த ஜொலிப்பை பி.வி.19 தராது, வேறு எந்த உறுதியான நிறமியும் தராது. அதை அவரிடம் அப்படியே சொன்னேன். சாயம் வெளிச்சத்தில்தான் போகும், மூடி வைத்தால் இருக்கும் என்பதையும் சொன்னேன். பழைய படத்தின் ஓரம் மவுண்டுக்கு அடியில் இருந்ததை எடுத்துக் காட்டினேன்.

"அப்ப சுவத்துல மாட்ட வேண்டாம். நான் பீரோவுக்குள்ள வச்சிக்கிடுதேன். அந்த ரோஸ்லயே சின்னதா ஒண்ணு போட்டுத் தாங்க. நெனச்சா எடுத்துப் பாப்பேன்."

தபால் கார்டு அளவில் ஒரே ஒரு பூநாரை, சிறகு விரித்தது, முழுக்க ஓப்ரா ரோஸில். பின்பக்கம் அதன் குறியீட்டையும் 'வெயிலில் வைக்கக் கூடாது' என்பதையும் எழுதிக் கொடுத்தேன். காசு தர வந்தார், வாங்கவில்லை. பட்டுச்சேலை மடிப்புக்குள் வைத்திருப்பதாகப் போன மாசம் சொன்னார்.